அந்தமான் கடலில் களை எடுப்போர்

சென்ற பிப்ரவரி மாதத்தில் மனைவி மகளுடன் அந்தமான் தீவுகளுக்குச் சென்று திரும்பினேன் என்ற செய்தி நம் சங்கத்துக் காரியதரிசியின் காதுக்கு எட்டிவிட்டது. "கண்டதை எழுதிக் கொடுங்கள், கரக்பூரில் இருந்தபடியே நம்மவர்களும் ஒருமுறை கப்பலேறட்டும்" என்று பணித்தார். அலுவலகக் கடிதமும் வருகைப் பட்டியலும் அல்லாது வேறொன்றும் எழுதிப் பழகாத இரயில்வேக் குமாஸ்தா நான். குற்றம் இருப்பின் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

இரயில்வேக்காரனுக்கு அந்தமான் ஒரு விசித்திரமான இடம். அங்கே பயணிகள் இரயில் கிடையாது. நாடெங்கும் செல்லும் எங்கள் பாஸ் கல்கத்தாவின் துறைமுகத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் ஏறத்தாழ 1,250 கிலோமீட்டர் கடலைக் கைப்பணம் கொடுத்தே கடக்க வேண்டும். விமானத்தில் இரண்டு மணி நேரத்திலே போய்விடலாம். ஆயினும் என் தமக்கையார் முப்பது ஆண்டுகளுக்கு முன் மணமகளாகக் கப்பலிலே போனவர். அந்த வழியிலேயே போய் அவரைக் காண வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு.

கப்பல் ஹூக்ளி நதியைக் கடந்து கடலை அடைவதற்கே பொறுமை வேண்டும். சேற்று நிறம் பச்சையாகி, பச்சை நீலமாகி, நீலம் மையாகக் கறுத்தபோது மனைவியும் மகளும் படுக்கையை விட்டு எழவில்லை. மேல்தளத்தில் தனியே நின்றவனுக்குத் தமிழ்ப் பேச்சு கேட்டது. தூத்துக்குடிப் பக்கத்து இளம்பெண் ஒருவர். போர்ட் பிளேயரில் நடைபெறும் புதுவைப் பல்கலைக்கழகக் கடலியல் துறையில் பயில்கிறவர். நாங்கள் ஜாலி பாய் தீவுக்குப் பவளப்பாறை காணப் போகிறோம் என்று சொன்னதும் அவர், "அண்ணா, பவளத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பவளத்தின் மேல் வாயை வைக்கிற மீனையும் பாருங்கள்" என்றார். அப்போது அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. அத்தானுடைய சாப்பாட்டுக் கடையின் பெயரைச் சொன்னேன். தமிழ்ச் சாப்பாட்டுக்காகத் தாமும் அங்கேதான் போவது வழக்கம் என்று சிரித்தார்.

போர்ட் பிளேயர் என்னும் பெயரை 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றினார்கள். ஊரார் வாயில் பழைய பெயரே புழங்குவதால் நானும் அதையே எழுதுகிறேன். கடைத்தெருவில் தமிழும் வங்காளமும் தெலுங்கும் மலையாளமும் ஒரே மூச்சில் கேட்கின்றன. நம்மவர் இத்தீவுகளுக்கு வந்த வழிகள் பல. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் சிலவற்றை நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்திற்கு அழைத்துக் குடியேற்றியதும் அவற்றுள் ஒன்று. அத்தான் அவ்வாறு வந்தவர் அல்லர். மண்டபத்துக் கடற்கரையில் பிறந்து, பிழைப்புத் தேடி வந்து, அபர்தீன் பஜாருக்கு அருகே கடை போட்டு நிலைத்தவர்.

சிறைச்சாலையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதைப் பற்றி எழுத வல்லவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் எழுத வந்தது ஒரு மீனைப் பற்றி.

முதல் நாள் இரவு எங்களுக்கு விருந்து. அடுப்பங்கரையில் ஒரு முழத்திற்குக் குறையாத மீன் ஒன்று கிடந்தது. உடல் மயில்கழுத்து நிறம். செதில் ஓரங்களில் ரோஜா நிறக் கோடு. வாயிலோ பற்கள் தனித்தனியே இல்லாமல் ஒன்றாய் ஒட்டிக் கிளியின் அலகு போல் வளைந்திருந்தன. என் மகள் "கிளி!" என்று கூவினாள். "பெயரும் அதுதான் கண்ணு, கிளிமீன்" என்றார் அத்தான். (கேரளக் கரையில் வேறொரு சிவந்த மீனுக்கு இந்தப் பெயர் வழங்குகிறது, அதுவன்று இது.) பிறகு என் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளை, வெளியூரிலிருந்து வருகிறவர்கள் படம் காட்டி இதைத்தான் கேட்கிறார்கள். சூரையை யாரும் சீந்துவதில்லை. இந்த ஒரு மீனில் ஒரு நாள் வாடகை வந்துவிடும்" என்றார். இரவில் விளக்கொளியில் ஈட்டியால் குத்திப் பிடித்தது என்றும் சொன்னார். வெள்ளை வெளேரென்ற சதை, முள் குறைவு. மூன்று துண்டு தின்றேன் என்பதை இங்கே மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் ராஸ் தீவுக்குப் போனோம். ஆங்கிலேயர் காலத்து மாளிகைச் சுவர்களை ஆலம் வேர்கள் கவ்விப் பிடித்திருக்கும் அத்தீவுக்கு 2018 முதல் நேதாஜியின் பெயர். புள்ளிமான்கள் மனிதரை அஞ்சாமல் திரிகின்றன. மகள் மகிழ்ச்சியில் துள்ளினாள். உடன் வந்த அக்காள் மகன் மட்டும், "மாமா, இந்த மான் இந்த மண்ணுக்கு உரியது அல்ல. வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டது. அடித்துத் தின்னப் புலியும் சிறுத்தையும் இங்கே கிடையாது. தலை தூக்குகிற கன்றையெல்லாம் மேய்ந்துவிடுகிறது, காடு வயதாகிறதே தவிர மறுபடி முளைக்கிறதில்லை" என்றான். மேய்ச்சல் என்றால் அழிவு என்று அன்று என் மனத்தில் பதிந்துவிட்டது. அடுத்த நாள் அந்த எண்ணம் தலைகீழானது.

போர்ட் பிளேயரிலிருந்து வண்டூர் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். 1983இல் நிறுவப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்கு அதுவே வாசல். பதினைந்து தீவுகள் அடங்கிய பூங்காவில் ஜாலி பாயும் ரெட் ஸ்கின்னும் மட்டுமே நம்மைப் போன்றவர்க்கு மாறி மாறித் திறக்கப்படுகின்றன. வனத்துறையினர் நம் பைகளைச் சோதித்து பிளாஸ்டிக் பொருள்களை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். மகளின் மிட்டாய்த் தாள் வரைக்கும் கணக்கில் வந்தது. எங்கள் ஆடிட்காரர்கள் கூட இத்தனை கண்டிப்பு காட்டியதில்லை. அலையாத்திக் காடுகளுக்கு நடுவே படகு சென்று, கரையருகே எங்களைக் கண்ணாடித்தளப் படகுக்கு மாற்றியது. அத்தீவில் படகுத்துறை கிடையாது.

கண்ணாடியின் வழியே முதலில் கண்டது ஏமாற்றமே. புத்தகப் படங்களைக் காட்டி, பூந்தோட்டம் பார்க்கப் போகிறோம் என்று மகளிடம் நான் வாக்களித்திருந்தேன். அடியில் தெரிந்ததோ உடைந்த மான்கொம்புகளைக் குவித்து அவற்றின் மேல் அழுக்குக் கம்பளியைப் போர்த்தியது போன்ற தோற்றம். "அப்பா, நம் ஊர்க் குளத்துப் படிக்கட்டு மாதிரி இருக்கிறதே" என்றாள். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. படகோட்டி, "சூடு பிடித்துச் செத்த பவளம்" என்று இந்தியில் சுருக்கமாகச் சொன்னார்.

சற்றுத் தொலைவு சென்றதும் காட்சி மாறியது. பெரும் பாறை போன்ற பவளங்கள். அவற்றுக்கிடையே உள்ளங்கையளவு புதிய முளைகள், ஊதாவும் மஞ்சளுமாக. அங்கே பழைய செத்த கிளைகளின் மேல் கம்பளி இல்லை. வெளிறிய கல்லில் உளியால் கொத்தியது போன்ற சிறு கீறல்கள் நிறைந்திருந்தன. கொத்துகிறவர்களும் அங்கேயே இருந்தார்கள். இருபது முப்பது கிளிமீன்கள், பெரும்பாலும் சிறியவை, கூட்டமாக வந்து கல்லில் வாயை வைப்பதும் நகர்வதுமாக இருந்தன.

கரையில் வழிகாட்டியின் துணையோடு கண்ணாடி முகமூடி அணிந்து, பவளம் இல்லாத மணற்பகுதியில் இடுப்பளவு நீரில் தலையை அமிழ்த்தினேன். அப்போது ஒரு சத்தம் கேட்டது. சிறுபிள்ளை ஒன்று வறுத்த கடலையைக் கடிப்பது போன்ற சத்தம். ஒரு பக்கத்திலிருந்து அன்று, எல்லாப் பக்கத்திலிருந்தும். முந்தாநாள் என் தட்டில் கிடந்த அலகு எதற்குப் பயன்பட்டது என்பது அப்போதுதான் புரிந்தது. வயிற்றில் ஏதோ புரண்டது போல் இருந்தது. கடல்நீர் குடித்தது மட்டும் அதற்குக் காரணம் அன்று.

அன்றிரவு அந்தக் கடலியல் மாணவி கடைக்குச் சாப்பிட வந்தார். என் வினாக்களுக்கு அவர் சொன்ன விடைகளை என் அறிவுக்கு எட்டியவரை எழுதுகிறேன்.

பவளம் கல் அன்று, செடியும் அன்று. கடுகளவும் மிளகளவுமான பிராணிகள் கூட்டமாக வாழ்ந்து தம் அடியில் சுண்ணாம்பைச் சுரந்து கட்டும் மாளிகை அது. அப்பிராணியின் சதைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி குடியிருக்கிறது. அது சூரிய ஒளியில் உணவு சமைத்துப் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கிறது; நிறத்தையும் அதுவே கொடுக்கிறது. கடல்நீர் வழக்கத்திற்கு மேல் சில வாரம் சூடேறினால் இந்த உறவு முறிந்து நுண்பாசி வெளியேறுகிறது. பவளம் வெளுத்துப் போகிறது. சூடு தணியாவிட்டால் பட்டினியால் மடிகிறது. அந்தமானில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இப்படி நேர்ந்தது. 2010இல் ஏப்ரல், மே மாதங்களின் வெப்பத்தில் இந்தப் பூங்காவின் கிளைப்பவளங்களுக்கு ஏற்பட்ட சேதம் மிகுதி. அதற்கு முன்பே 2004 டிசம்பர் 26ஆம் நாள் பூகம்பத்தில் வட அந்தமானின் கடலடி சில இடங்களில் மேலெழும்பி, பவளத்திட்டுகள் வெயிலில் காய்ந்து மாண்டன.

இனி வருவதுதான் விஷயம். செத்த பவளத்தின் எலும்புக்கூடு காலியான மனை. அதன் மேல் முதலில் வந்து குந்துவது வெளிப்பாசி. உள்ளே குடியிருக்கும் பாசி பவளத்துக்கு உறவு என்றால், வெளியே படரும் பாசி பங்காளி. இடத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஓயாத வழக்கு. பாசி வாரக்கணக்கில் வளரும். பாறைப் பவளமோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் அதிகம்; கிளைப்பவளம் விரைவாக வளர்ந்தும் பாசியின் வேகத்துக்கு ஈடாகாது. பவளத்தின் குஞ்சுகள் ஊசிமுனை அளவில் நீரில் மிதந்து வந்து ஒட்டுவதற்குச் சுத்தமான கெட்டித்தரை வேண்டும். பாசிக் கம்பளியும் அதில் சிக்கிய சேறும் மூடிய தரையில் அவை ஒட்டா. ஒட்டினாலும் நிழலில் மூச்சடைத்துப் போகும். அந்தக் கம்பளியை நாள்தோறும் கொத்தியும் சுரண்டியும் கத்தரித்தும் வைப்பவை கிளிமீன், ஓரா மீன், வால்புறத்தில் கத்தி போன்ற முள்ளை உடைய வேறொரு மீன் கூட்டம், கடல் முள்ளெலி ஆகியவை. கிளிமீன் பாசியோடு சுண்ணாம்பையும் விழுங்கித் தொண்டையிலுள்ள அரைவையில் பொடியாக்கி வெண்மணலாகக் கழிக்கிறது. நாம் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து மகிழும் தீவுக் கடற்கரை மணலில் ஒரு பங்கு அதன் வயிற்றைக் கடந்து வந்ததே.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் கேங்மேன்களின் நினைவு வந்தது. (இப்போது தண்டவாளப் பராமரிப்பாளர் என்று மரியாதையான பெயர், வாய் பழைய பெயரையே சொல்கிறது.) தண்டவாளத்து ஜல்லிக்கிடையே புல் முளைத்தால் மழைநீர் வடியாது, நீர் தேங்கினால் ஸ்லீப்பர் கட்டை ஆடும், கட்டை ஆடினால் வண்டியின் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். அவர்களுடைய வருகைப் பட்டியலைப் பத்தாண்டுகளாக எழுதுகிறவன் நான். ஒழுங்காகக் களை எடுக்கும் வரையில் அந்தப் பகுதியைப் பற்றி ஒரு காகிதமும் எங்கள் மேசைக்கு வராது. ஆட்கள் குறைந்தால்தான் வரும்.

ஆட்கள் குறைந்து கெட்ட கடலுக்கு ஜமெய்க்காவை உதாரணம் காட்டினார் மாணவி. அத்தீவைச் சுற்றிப் பாசி தின்னும் மீன்களைப் பல தலைமுறைகளாகப் பிடித்துத் தீர்த்துவிட்டார்கள். ஆயினும் பவளம் செழிப்பாகவே இருந்தது. ஏனெனில் மீன்களின் வேலையையும் சேர்த்துக் கடல் முள்ளெலிகள் செய்துகொண்டிருந்தன. 1980இல் ஆலன் என்னும் புயல் பவளத்தை உடைத்தது. அது மீண்டுவரும் வேளையில், 1983இல் முள்ளெலிகளுக்கு ஒரு நோய் கண்டு கரீபியக் கடல் முழுவதிலும் அநேகமாக அனைத்தும் மாண்டன. களை எடுக்க ஒருவரும் இல்லை. 1970களின் இறுதியில் பாறைப்பரப்பில் பாதிக்கு மேல் பவளம் மூடியிருந்தது. 1990களின் தொடக்கத்தில் அது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கியது. பாசி நான்கிலிருந்து தொண்ணூற்றிரண்டுக்கு ஏறியது.

ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பாறையின் மேல் கூண்டு கட்டி மேயும் மீன்களை வெளியே நிறுத்தினார்கள். கூண்டுக்குள் பாசி ஆளுயரக் காடாக மண்டியது. வெளியே பவளம் மெல்லத் திரும்பியது. பிறகு கூண்டைத் திறந்தபோது அந்தக் காட்டைத் தின்று தீர்க்க முன்னே வந்தது கிளிமீன் அன்று; பாசி தின்னும் என்று அதுவரை யாரும் எண்ணியிராத அகன்ற தட்டை மீன் ஒன்று. கிளிமீன் இளம்பாசியைச் சுரண்டுமே தவிர முற்றிய காட்டை அழிக்க அதனால் இயலாது போலும். எந்த மீன் எந்த வேலைக்கு என்று முன்கூட்டி எழுதிவைக்க முடியாது என்பதை இதிலிருந்து நான் அறிந்தேன். அலுவலகத்திலும் அப்படித்தான்.

நான் மானை மறக்கவில்லை. "அந்த மான் காட்டை அழிப்பது போல இந்த மீனும் பவளத்தைத் தின்று அழிக்காதா?" என்று கேட்டேன். "நல்ல கேள்வி அண்ணா" என்று சொல்லி, தலையில் புடைப்புடைய பெருங்கிளிமீனைப் பற்றிக் கூறினார். நாலடிக்கு மேல் வளரும். அந்தமான் கடலிலும் உண்டு. ஒரு மீன் ஆண்டுக்கு ஐந்து டன்னுக்கு மேல் பவளத்திட்டைக் கடித்துத் தின்கிறது. அதில் ஏறத்தாழ பாதி உயிருள்ள பவளம். ஆனால் இவ்விரு பிராணிகளும் பன்னெடுங்காலமாக ஒன்றாக வளர்ந்தவை. சுறாவும் அங்கே உண்டு. மானை நாம் கொண்டுவந்து விட்டோம், மீனை நாம் எடுத்துக்கொண்டு போகிறோம் என்பதுதான் வேறுபாடு.

இவ்வளவு நேரம் கல்லாவில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த அத்தான் அப்போது வாய் திறந்தார்.

"ஏம்மா, என் தகப்பனார் மண்டபத்தில் பவளக்கல்லையே வெட்டித் தோணியில் ஏற்றினவர். சுண்ணாம்புக் காளவாய்க்கும் போயிற்று, எங்கள் வீட்டு அஸ்திவாரத்துக்கும் போயிற்று. நான் மீனை மட்டுந்தானே விற்கிறேன்?"

யாரும் உடனே பேசவில்லை. மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் நீரில் மறைந்துவிட்டன. சுற்றியிருந்த பவளத்தை வெட்டியெடுத்ததே அதற்கு முக்கிய காரணம் என்பர். அது அத்தானுக்கும் தெரியும். மாணவி குரலைத் தாழ்த்தி, "தப்பு என்று நான் சொல்லவில்லை, அண்ணாச்சி. சூட்டை இந்த மீனால் தடுக்க முடியாது. மீன் நிறைந்திருந்த இடத்திலும் பவளம் வெளுத்தது. ஆனால் சூடு தணிந்த பிறகு பவளம் திரும்பி வர இடம் இருக்கிறதா என்பது மீனைப் பொறுத்தது. அதிலும் பளபளப்பான பெரிய கிளிமீன் பெரும்பாலும் ஆண். பெண்ணாகப் பிறந்து வளர்ந்து பிறகு ஆணாக மாறியது. சில வகை, இரவில் தன்னைச் சுற்றிக் கோழையால் பை கட்டிக்கொண்டு அசையாமல் தூங்கும். விளக்கோடு போனால் எத்தனை வேண்டுமானாலும் குத்தலாம்" என்றார்.

அத்தான் சிரித்துவிட்டார். மண்டபத்தில் அவருடைய உறவினர் கயிற்றில் கட்டிக் கடற்பாசி வளர்க்கிறார்கள். அங்கே ஓரா மீன்தான் எதிரி, பயிரைத் தின்றுவிடுகிறது என்று மாதந்தோறும் புலம்பல் வருமாம். "இங்கே மீன் வேண்டும் என்கிறீர்கள், அங்கே வேண்டாம் என்கிறார்கள்" என்றார். அந்தப் பாசிக்கும் ஒரு கதை உண்டு. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து வளர்த்த அவ்வகை கயிற்றைவிட்டுத் தப்பிக் குருசடைத் தீவருகே உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்திருப்பதை 2008இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டார்கள். ஆனால் பாசி வளர்த்துப் பிழைக்கும் பெண்களின் அடுப்பு அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்பதையும் அத்தான் சொல்லாமல் விடவில்லை.

என் மகள் அதுவரை தூங்கிவிட்டாள் என்று நினைத்திருந்தோம். பெஞ்சிலிருந்து தலையைத் தூக்கி, "அப்பா, அன்றைக்கு நாம் தின்றது ஆணா, பெண்ணா?" என்று கேட்டாள்.

"ஆண்" என்றேன். அத்தான் கல்லாப் பெட்டியைப் பூட்டிக்கொண்டு எழுந்தார்.

நாங்கள் கப்பலேறும் நாள் வரையில் அடுப்பங்கரையில் கிளிமீன் காணப்படவில்லை. நாங்கள் இருந்ததனால்தான் அப்படியோ என்று எண்ணி, சென்ற வாரம் தொலைபேசியில் தமக்கையாரிடம் மெல்ல விசாரித்தேன். பெரிய நீலத்தை வாங்குவதை நிறுத்திவிட்டாராம். ஹாவ்லாக்கிலிருந்து வரும் விடுதிக்காரர் வற்புறுத்திக் கேட்டால் சிறியது மட்டும் எப்போதாவது வருகிறதாம். பங்குனியில் கடைக்கு வாடகை கூட்டிவிட்டார்களாம். அத்தான் குழம்புக்குச் சூரை போட்டு, அதற்கென்று ஒரு மசாலா அரைத்துப் பழக்கிக்கொண்டிருக்கிறாராம்.

பிறகு அவரே பேசினார். அடுத்த கப்பலில் தெரிந்தவர் வருகிறார், கருவாடு கொடுத்தனுப்புகிறேன் என்றார். என் கையிலிருந்து தொலைபேசியைப் பறித்துக்கொண்ட மகள், "என்ன மீன், மாமா?" என்றாள்.

"சூரைதான் தாயே" என்று பதில் வந்தது.